இரண்டாவது புறா

நீகாத்தா
நவம்பர் 24, 1984

அன்புள்ள குமாகிச்சி அண்ணனுக்கு,

ஃபூமி வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே காலையில் மூச்சு விட்டால் புகை தெரிகிறது. அராசாக்கியில் முதல் பனி விழுந்திருக்கும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். இருமல் மட்டும் என்னோடு குடியிருக்கிறது.

நம் பத்திரிகை ஆசிரியர் ஷினோமியாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தன்று உங்களைப் பார்த்தேன். ஊதுபத்தி ஏற்றினீர்கள், சாப்பாட்டுக்கு உட்காராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை போலும்.

மினாட்டோ நாளிதழில் இருந்த ஒன்பது பேரில் மிச்சம் நான்கு பேர். ஆசிரியரின் முதல் நினைவு நாளுக்குள் ஒரு நினைவு மலர் கொண்டுவரத் தீர்மானித்திருக்கிறோம். தொகுக்கும் வேலை எனக்கு. நீங்களும் எழுத வேண்டும். பதினெட்டு வருடம் அச்சுக்கூடக் கூரையில் புறா வளர்த்தவர் நீங்கள். புறா இல்லாமல் அந்தப் பத்திரிகையை யார் நினைக்க முடியும்? உங்களுக்குத்தான் எல்லாம் நேற்று நடந்ததுபோல ஞாபகம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணப்புக்குப் பக்கத்திலேயே தூங்கிவிடாதீர்கள்.

ஃபூமி


அராசாக்கி
டிசம்பர் 2

தங்கச்சி ஃபூமிக்கு,

குமாகிச்சி சொல்ல, ஊர்ப் பொதுக் குளியல்கூடம் நடத்தும் தோசே எழுதுகிறாள். என் கண் மங்கிவிட்டது. மதியம் கூடம் திறக்குமுன் கல்லாப்பெட்டி மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதித் தருகிறாள். (தோசே: வணக்கம் அம்மா. கண் மங்கிய மனிதர் நேற்று மூன்று தெருவுக்கு அப்பால் பறந்த பருந்தைக் காட்டினார்.)

இங்கே பனி ஒரு சாண். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. உன் இருமலுக்குப் பேரிக்காயைத் தேனில் வேகவைத்துச் சாப்பிடு.

மலருக்கு நான் என்ன சொல்ல? ஒன்று சொல்கிறேன். தினமும் காலை பேப்பர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் கூரைக்கு ஏறி வருவார். கவிழ்த்துப் போட்ட தீவன வாளிமேல் உட்காருவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புறாக்களுக்குப் பேப்பர் படிப்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. கப்பல் நேரம், மீன் விலை, யார் வீட்டில் நாய் காணாமல் போனது, எல்லாம். கீழே இயந்திரம் ஓடுகிற அதிர்வில் கூரையே மெல்ல நடுங்கும். புறாக்கள் தூங்கிவிடும். நான் எச்சம் வழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"என்ன குமா, இன்னிக்கி தலையங்கம் எப்படி?" என்பார்.

"கரியன் நடுவுல எந்திரிச்சுப் போயிட்டானே, பாக்கலையா?" என்பேன்.

உடனே பென்சிலை எடுத்து, அந்தப் புறா எழுந்துபோன இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். ஊரில் அவருக்கு 'புறா வாத்தியார்' என்று பெயர் வைத்ததே நம் அச்சுக்கோக்கிற ஒகுசாவாதான்.

போன வாரம் கனவில் வந்தார். அதே வாளி. படிக்கிறார், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் எச்சம் வழிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். விழித்தால் கூரையிலிருந்து பனி சரிகிற சத்தம்.

இவ்வளவுதான். நலமாக இரு.

குமாகிச்சி


நீகாத்தா
டிசம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

பேரிக்காய் வேலை செய்கிறது. தோசே அம்மாவுக்கும் என் வணக்கம். உங்கள் கடிதத்தை நான்குமுறை படித்தேன். கரியன் எழுந்துபோனதை அப்படியே மலரில் போடுகிறேன்.

ஆனால் மலரில் ஒன்றை விட்டுவிட முடியாது. 1953, டிசம்பர் எட்டு. தோமாரித் தீவில் மீன்பிடிக் கப்பல் உடைந்த அன்று தந்திக் கம்பியெல்லாம் அறுந்து கிடக்க, உங்கள் இரண்டு புறாக்களைக் கூடையில் தூக்கிக்கொண்டு ஆசிரியரே படகேறினார். இறந்த ஏழு பேரின் பட்டியல் புறாவில் வந்தது. ஏழாவது பெயர் தவறு. இறந்தது கினு அம்மாவின் மகன் யசுகே, நாம் அச்சிட்டது அவன் தோழன் தொகுரோவின் பெயர். தன் பிள்ளை பிழைத்தான் என்று கினு அம்மா காராமணி போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் படகிலிருந்து தொகுரோ இறங்கி வந்தான்.

மறுநாள் முதல் பக்கத்தில் ஆசிரியர் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும்: "பெயரைத் தவறாகத் தந்தவன் நான். பிழை வேறு யாருடையதும் அல்ல." அதற்குமேல் ஒரு வார்த்தை கூட, சாகும்வரை, யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கூரையில் நடந்ததை நீங்கள் சொன்னால் நல்லது. இரண்டு புறாவில் ஒன்றுதானே அன்று வந்தது?

குளிரில் கூரை ஏறாதீர்கள்.

ஃபூமி


அராசாக்கி
ஜனவரி 10, 1985

தங்கச்சிக்கு,

துக்க வருடம் என்பதால் புத்தாண்டு வாழ்த்து சொல்லவில்லை. உடம்பு எப்படி? இங்கே பனி ஜன்னல் உயரம்.

டிசம்பர் எட்டாம் தேதி நான் கினு அக்கா வீட்டுக்குப் போனேன். ஆசிரியர் முப்பது வருடமாக அந்தத் தேதியில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். முதல் ஆறு வருடம் கதவு திறக்கவில்லை. வாசலில் நின்று தலைவணங்கிவிட்டு வருவார். ஏழாம் வருடம், "பனியில நின்னு செத்துத் தொலைச்சா அந்தப் பழியும் எனக்கா? உள்ள வா" என்று அக்காவே கூப்பிட்டாராம். இந்த வருடம் யாரும் வராமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அக்காவுக்கு வயது எண்பத்தெட்டு. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் மாறிடுச்சே?"

"அவரு போயிட்டாரு அக்கா."

"தெரியும். பேப்பர்ல போட்டிருந்தான். பேப்பர்ல போட்டா நம்பிடறதா? கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு இருந்தேன்."

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. முள்ளங்கி ஊறுகாயும் தேநீரும் வைத்தார். ஆசிரியரும் அவரும் வருடா வருடம் ஊறுகாயைப் பற்றி மட்டும்தான் பேசுவார்களாம். உப்பு கூடினது, குறைந்தது, கல் எவ்வளவு கனம் வைப்பது. மகன் பேச்சை அவரும் எடுத்ததில்லை, இவரும் எடுத்ததில்லை.

சுவரில் ஒரு கம்பளி மேலங்கி தொங்குகிறது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"அன்னிக்கி இத மாட்டிக்கிட்டுப் போடான்னேன். கனமா இருக்குன்னு விட்டுட்டுப் போனான். அவன் சின்னதுலேர்ந்தே குளிர் தாங்கமாட்டான் குமா. செத்தான், சரி, எல்லாரும் சாவுறோம். ஆனா குளுந்து போயே செத்தானேன்னுதான்... ஒவ்வொரு வருஷமும் பனி விழறப்போ எனக்கு முதல்ல அதான் தோணுது."

தேநீர் ஆறிவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

நீ கேட்டதற்கு: ஆம், அன்று ஒன்றுதான் வந்தது. கரியன். இரண்டாவது பதினோரு நாள் கழித்து வந்தது. காலில் சீட்டு வைக்கும் சிமிழ் இல்லை. (தோசே: இதைச் சொல்லும்போது இரண்டுமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். 'அதை எழுதாதே' என்றார். எழுதிவிட்டேன்.)

குமாகிச்சி


நீகாத்தா
பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று பழைய கணக்கில் குளிர்காலத்தின் கடைசி நாள். கெட்டது விலக வறுத்த சோயாவை வாசலில் இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நலமா?

கினு அம்மாவின் மேலங்கி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் நான் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஆசிரியர் ஏன் "பிழை என்னுடையது" என்று எழுதினார் தெரியுமா? என்னைக் காப்பாற்ற. அன்று கரியன் கொண்டுவந்த சீட்டைப் பெயர்த்து எழுதியவள் நான். சீட்டு பனிமழையில் நனைந்து வந்தது. முன்பக்கம் பெயர்கள், பின்பக்கம் ஏதோ குறிப்புகள். பின்பக்கம் முழுக்கக் கரைந்திருந்தது. முன்பக்கத்திலும் இறந்தவர் ஒரு வரிசை, உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டவர் ஒரு வரிசை. அவசரத்தில் நான்தான் வரிசை மாறி எழுதியிருக்க வேண்டும். சரிபார்க்கலாம் என்றால், உலர்த்துவதற்காக அடுப்பருகே வைத்த சீட்டு கருகிப்போனது. ஆசிரியர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார், நேரே போய் அந்த இரண்டு வரியை எழுதினார்.

மலரில் இதை என் பெயரோடு எழுதப்போகிறேன். முப்பத்தொரு வருடம் என் பிழையை அவர் சுமந்தார். செத்த பிறகாவது இறக்கி வைக்க வேண்டாமா?

வேடிக்கை கேளுங்கள். செண்டாயிலிருந்து ஒகுசாவாவும் எழுதியிருக்கிறார். கோத்து வைத்த எழுத்துத் தட்டைக் கைதவறிக் கொட்டி, மறுபடி கோத்தாராம். பிழை தன்னுடையதாம். ஆசிரியர் தன்னைத்தான் காப்பாற்றினாராம். "அந்தப் பொண்ணு எதுக்கு வீணா அலட்டிக்குது?" என்று கேட்டிருக்கிறார்.

என் கட்டுரையை முடித்துவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஃபூமி


அராசாக்கி
மார்ச் 21

ஃபூமி அம்மாவுக்கு,

தோசே தானாகவே எழுதுகிறேன். பெரியவருக்குத் தெரியாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "மறுபடி" என்றார். மூன்றுமுறை வாசித்தேன். பிறகு குளிக்காமலேயே போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் மதியம் வருகிறார். காகிதத்தை எடுக்கிறேன். "தங்கச்சிக்கு" என்று எழுதச் சொல்கிறார். அப்புறம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். 'தங்கச்சிக்கு' என்று மட்டும் எழுதிய காகிதம் என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது.

நேற்று கேட்டேவிட்டேன்: "என்ன பெரியவரே, காதல் கடுதாசியா? இவ்ளோ யோசன?"

"உன் வாயில போட்டா ஊருக்கே வெந்நி மாதிரி பாயும்" என்றார். கோபம் வந்தது எனக்கு. ஆனால் பொய்யில்லை. குளியல்கூடத்தில் எதுதான் நிற்கிறது?

கொஞ்சம் பொறுங்கள்.

தோசே


நீகாத்தா
ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆற்றங்கரையில் செர்ரி பூத்துவிட்டது. அங்கே இன்னும் பத்து நாள் ஆகும். முழங்கால் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அவசரப்படுத்தவில்லை. மலர் ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதைச் சொல்லத்தான். என் கட்டுரை எழுத்துக் கோக்கப் போய்விட்டது. ஒகுசாவாவோடு தினமும் தொலைபேசியில் சண்டை, பிழை யாருடையது என்று. ஆசிரியர் இருந்திருந்தால் இருவரையும் கூரைக்கு அனுப்பிச் எச்சம் வழிக்கச் சொல்லியிருப்பார்.

ஃபூமி


அராசாக்கி
மே 12

தங்கச்சிக்கு,

இங்கே மூடுபனி. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது மட்டும் கேட்கிறது, கப்பல் தெரிவதில்லை. உன் உடம்பு நலம் என்று நினைக்கிறேன்.

தோசே கதவைத் தாழ்போட்டுவிட்டாள். வெளியே நாலு பேர் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எனக்கு எழுத்து தெரியாது. ஏழு வயதில் ஹொக்கைடோவுக்கு மீன் உலர்த்தப் போனவன், பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் கதவு என்று கூடப் பார்த்ததில்லை. பதினெட்டு வருடம் உங்கள் நடுவில் பேப்பரை விரித்துப் படம் பார்த்துக்கொண்டு படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். (தோசே: நான் சிரிக்கவில்லை அம்மா.)

இப்போது புறா. நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரே செய்தியை இரண்டு சீட்டில் எழுதி, முதல் புறாவை விட்டு ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவதை விட வேண்டும். ஒன்றைப் பருந்து பிடித்தாலும் மற்றது வரும். அன்று ஆசிரியர் கேட்டது கடல் தாண்டிப் பழகிய இரண்டு பறவை. கரியனைக் கொடுத்தேன். இரண்டாவதாகச் செம்பனைக் கொடுத்திருக்க வேண்டும். அவனுக்கு முதல்நாள்தான் குஞ்சு பொரித்திருந்தது. மனசு வரவில்லை. கடல் தாண்டியே பழகாத வெண்முனையைக் கூடையில் வைத்து மூடிவிட்டேன். ஆசிரியருக்குச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் அவர் முதலில் கூரைக்குத்தான் வந்தார். "ரெண்டாவது வந்துச்சா?" என்றார். "இல்ல" என்றேன். ரொம்ப நேரம் கடலைப் பார்த்தார். "சரி, பரவால்ல குமா" என்று தோளைத் தட்டிவிட்டுக் கீழே போய் அந்த இரண்டு வரியை எழுதினார். எனக்குப் புரிந்துவிட்டது. முதல் புறாவை விட்ட பிறகு தவறு தெரிந்து, இரண்டாவதில் திருத்தம் அனுப்பியிருக்கிறார். என் வெண்முனை அதைக் கொண்டுவரவில்லை.

பதினோராம் நாள் வெண்முனை வந்தாள். வால் பாதி இல்லை. காலில் சிமிழ் இருந்தது. கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன். சிமிழ் இல்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். ஆசிரியர் அவளுக்குத் தன் கையால் தினை கொண்டுவந்து போட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அதைத் திறக்கவில்லை. திறந்து என்ன? யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். இதோ இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே திற. பிழை உன்னுடையது இல்லை தங்கச்சி. உன் கட்டுரையை நிறுத்து. அந்த இடத்தில் என் பெயரைப் போடு.

குமாகிச்சி

(தோசே: கதவைத் திறந்தேன். என்ன விஷயம் என்று எல்லாரும் கேட்டார்கள். பெரியவர் சூடு போதவில்லை என்று சண்டை போட்டார் என்று சொல்லியிருக்கிறேன். இது என்னிடமிருந்து போகாது.)


நீகாத்தா
ஜூன் 1

அன்புள்ள குமா அண்ணனுக்கு,

நலமா? நான் நலம். இரண்டு வாரமாக யாரோடும் அதிகம் பேசவில்லை.

சிமிழின் மூடி துருவேறி இறுகியிருந்தது. வெந்நீரில் வைத்துத் திறந்தேன். உள்ளே சீட்டு காய்ந்து, புதிது போல இருக்கிறது. வெண்முனை எங்கெங்கோ அலைந்தாலும் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை.

அண்ணா, அது திருத்தம் இல்லை. முதல் சீட்டின் அதே நகல். முன்பக்கத்தில் இறந்தவர் வரிசையில் ஆசிரியரின் கையெழுத்தில் ஏழு பெயர். ஏழாவது பெயர், தயக்கமே இல்லாமல், தொகுரோ. நான் வரிசை மாறி எழுதவில்லை. ஒகுசாவா தட்டைக் கொட்டியதால் வந்ததும் இல்லை. வெண்முனை அன்றே வந்திருந்தாலும் அதே பெயரைத்தான் அச்சிட்டிருப்போம்.

பிழை அவருடையதுதான். அவர் எழுதிய இரண்டு வரியும் அப்படியே உண்மை. வாழ்க்கையில் பொய் சொல்லாத ஒரு மனிதர் சொன்னதை, அவர்மேல் வைத்த அன்பினாலேயே நாம் மூன்று பேரும் நம்பவில்லை.

பின்பக்கக் குறிப்பில் காரணம் இருக்கிறது. ஏழாவது ஆளுக்கு நேராக இப்படி: "கெட்டிக் கம்பளி மேலங்கி, கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறது. உள்பட்டையில் தொகுரோ என்று தைத்த பெயர். அதைக் கொண்டே எழுதுகிறேன். அடையாளம் சொல்ல ஆளில்லை." மலைக்கு அந்தப் பக்கக் குடிசையில் தொகுரோ உயிரோடு இருந்தது அவருக்குத் தெரியாது.

ஏன் கடைசிவரை விளக்கம் சொல்லவில்லை என்றும் புரிகிறது. சொன்னால், செத்துப்போன பிள்ளை இன்னொருவன் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் என்று ஊர் பேசும். தன் பிழைக்கு அந்தப் பிள்ளையைக் காரணம் காட்டியதாகவும் ஆகும். தொகுரோவும் மறு வருடமே பிரேசிலுக்குப் போய்விட்டான், கேட்கவும் வழியில்லை.

என் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். மேலங்கியைப் பற்றி மலரில் ஒரு வரியும் வராது. ஆனால் கினு அம்மாவின் சுவரில் தொங்குவதை நினைத்தால்... நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அதன் அடியில் ஒரு ஓரத்தில் இன்னொன்று இருக்கிறது. அது உங்களுக்கு. தோசே அம்மா படித்துக் காட்ட வேண்டிய தேவையிருக்காது.

ஃபூமி


அராசாக்கி
ஜூன் 19

தங்கச்சிக்கு,

மழைக்காலம் வந்துவிட்டது. நடைபாதையெல்லாம் ஹைட்ரேஞ்சியாப் பூக்கள். முழங்கால் தேவலை, இருமல் போயிற்றா?

சீட்டை ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு புறா வரைந்திருந்தார். குண்டுப் புறா, இறகு நுனியில் வெள்ளை விட்டு. அதன் முன்னால் ஒரு சோற்றுருண்டை, ஒரு கடி கடித்தது. பக்கத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய மனிதர், வெறும் வாயோடு. தன் சோற்றை வெண்முனைக்குக் கொடுத்தாராம். பயப்படாதே, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

எழுதாமல் வரைந்திருக்கிறார் தங்கச்சி. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் செம்பனுக்குப் பதில் வெண்முனையை வைத்ததும் தெரிந்திருக்கிறது, எனக்கு எழுத்து தெரியாது என்பதும் தெரிந்திருக்கிறது. கல்லாப்பெட்டி முன்னாலேயே எனக்கு அந்தக் கூரை ஞாபகம் வந்தது. புறாவுக்கு எதற்கு மீன் விலை? புறாவுக்கு எதற்குக் கப்பல் நேரம், காணாமல் போன நாய்? பதினெட்டு வருடம், ஒருநாள் விடாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

கினு அக்கா வீட்டுக்குப் போனேன். ரொம்ப யோசித்தேன். ஊருக்குப் பயந்து ஆசிரியர் வாயை மூடவில்லை, அக்காவுக்காக மூடினார். அக்கா கேட்க ஏங்கிய ஒன்று அதற்குள் இருந்தது ஆசிரியருக்குத் தெரியாது. ஊறுகாய்க்கு நடுவில் அது வரவே இல்லையே. எனக்குத் தெரிந்த பிறகு நான் எப்படி மூடுவது?

சீட்டை அக்கா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார்.

"கழுத்து வர பொத்தான் போட்டிருந்துச்சா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு அக்கா."

"கெட்டிக் கம்பளின்னு போட்டிருக்கு."

"ஆமா."

தொகுரோவின் பெயரை நான் எடுக்குமுன் அவரே சொன்னார். "தொகுரோ குடுத்திருப்பான். அவன் உடம்பு அடுப்பு மாதிரி, எப்பவும் வேர்த்துக் கொட்டும். சின்னதுலேர்ந்து இவன் நடுங்குனா அவன் கழட்டிக் குடுப்பான். இது தெரியாதா எனக்கு? அந்த வாத்தியார் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, லூசு மனுசன்."

அப்புறம் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மேலங்கியை எடுத்து உதறினார். முப்பத்தொரு வருடத் தூசி. மடித்துப் பெட்டியில் வைத்தார். "அப்போ குளுரல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

சோறு சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். வெறும் சோறுதான், ஊறுகாயோடு. சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடியிருந்தது. சொல்லவில்லை. அடுத்த டிசம்பரில் சொல்வேன்.

மலரில் பிழையைப் பற்றி அந்த இரண்டு வரியை மட்டும் போடு. இந்தமுறை நாம் நம்புவோம்.

மலர் வந்ததும் நீயே எடுத்துக்கொண்டு வா. அச்சுக்கூடம் இப்போது வலைக் கிடங்கு, கூரைக்கு ஏணி இருக்கிறது. புறா ஒன்றும் இல்லை. ஆனாலும் மேலே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படி. வாளியை நான் கொண்டுவருகிறேன்.

குமாகிச்சி